பவளத்தின் கூடை

பிளேஸ்டோ,
கிழக்கு லண்டன்.
14.2.1993

மதிப்பிற்குரிய திரு. கனகலிங்கம் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். பூனைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், இனச்சேர்க்கைக்குக் கடுவன் பூனை வைத்திருப்பவர்களின் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்மித், ஹியூஸ், வில்லியம்ஸ் என்று போன வரிசையில் திடீரென்று ‘கே. கனகலிங்கம், விம்பிள்டன்’ என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். எங்கள் ஆட்களில் டொக்டர் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார், பெற்றோல் ஷெட் வைத்திருப்பவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கடுவன் பூனைக்கு விளம்பரம் போடுகிறவரும் இருப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தேன். எண்பத்தெட்டில் தம்பி அருட்பிரகாசத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தங்கைமாரின் கலியாணங்கள் முடிந்து என் முறை வந்தபோது நாடு கலியாணம் பேசும் நிலையில் இருக்கவில்லை. பிறகு நானும் இருக்கவில்லை. இங்கே மிசிஸ் ஹார்ப்பர் என்ற வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. போன வருஷம் அவர் போய்விட்டார். தன்னுடைய பேர்சியன் பூனையை, வம்சப் பத்திரத்தோடு, எனக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பத்திரத்தில் அவளுக்கு முழ நீளத்தில் ஓர் இங்கிலீஷ் பெயர். நான் பவளம் என்று கூப்பிடுகிறேன். வருகிறாள்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது. பருவம் வந்து கத்திக்கொண்டு வீடெல்லாம் உருளுகிறாள். தம்பியின் பெண்சாதி தவமலர் காதைப் பொத்திக்கொண்டு சமைக்கிறாள். மிசிஸ் ஹார்ப்பர் கடைசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: நல்ல இடமாகப் பார்த்துக் குட்டி போட விடு, கண்டபடி விட்டுவிடாதே. பூனைக்கு எது நல்ல இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கடுவனைப் பற்றி எழுதுவீர்களா?

பதிலைத் தபாலிலேயே போடுங்கள். எங்கள் தொலைபேசி முன்வாசலில் இருக்கிறது. நான் பேசினால் வீடே கேட்கும்.

இப்படிக்கு,
செ. அருமைநாயகி

•

விம்பிள்டன்
18.2.1993

அருமைநாயகி ரீச்சருக்கு வணக்கம்.

தபாலில் எழுதச் சொன்னீர்கள், பெரிய உபகாரம். நான் தபால் கந்தோரில் கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். தொலைபேசியில் கதைக்க எனக்கு வராது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் என் மௌனத்தைப் பார்த்து லைன் அறுந்துவிட்டதென்று வைத்துவிடுவார்.

என் கடுவனின் வீட்டுப் பெயர் சண்டியன். பெயர்தான் அப்படி, ஆள் படு சாது. எண்பத்தொன்பதில் என் மனைவி பாலாம்பிகை காலமானா. அடுத்த வருஷம், வேலையிலிருந்து இளைப்பாறி ஸ்பெயினுக்குப் போன, இனப்பூனை வளர்த்துவந்த நண்பர் ஒருவர், இந்தக் குட்டியைக் கையில் தந்து, “வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும்” என்றார். அவரிடமிருந்துதான் இந்த வேலையின் முறைகளையும் படித்தேன்.

முறைகளைச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போடுகிறார்கள் என்று எடுக்க வேண்டாம். பவளத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்து, லூக்கீமியா வைரசும் பூனைகளுக்கு வரும் எயிட்சும் இல்லை என்ற அத்தாட்சி கொண்டுவர வேண்டும். சண்டியனின் அத்தாட்சியை இத்துடன் வைத்திருக்கிறேன். பெண் வீட்டார் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று நானே முந்திக்கொண்டேன். அவனுடைய மூக்கு இக்காலத்துப் பேர்சியன்களைப்போல நெற்றிக்குள் போய்ப் புதையவில்லை. அதனால் கண்காட்சியில் பரிசு கிடைக்காது, ஆனால் மூச்சு விடுகிறான்.

பெண்தான் கடுவனின் இடத்துக்கு வர வேண்டும். அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் சுவரெல்லாம் மூக்கை வைத்து மணந்து பார்ப்பதிலேயே காலம் போய்விடும். மூன்று நாள் இங்கே நிற்கட்டும். பின்தோட்டத்தில் அவனுக்கு ஹீற்றர் போட்ட மரவீடு இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் நல்ல வீடு தேடிக் கொடுப்பீர்களா? ஆம் என்றால் மட்டும் பதில் போடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
க. கனகலிங்கம்

•

பிளேஸ்டோ
5.4.1993

அன்புள்ள கனகலிங்கம் அண்ணைக்கு,

பவளத்தைத் திருப்பிக் கூட்டிவந்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. நன்றி சொல்லி எழுதவில்லையே என்று மனம் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அவளை விட வந்த அன்று, டிஸ்ட்ரிக்ட் லைன் றெயினில் அவள் கத்திய கத்தில், எதிரே இருந்த மனிதர் என் மடியில் இருந்த கூடையைத் துணி விலக்கிப் பார்த்துப் பேபி என்று நினைத்ததாகச் சொன்னார். ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி மாறும்வரை எனக்கு ஒரே வெட்கம். அந்த வெட்கத்தோடு வந்து உங்கள் மணியை அடித்தால், நீங்கள் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறீர்கள்! ஒரு பூனைக் கலியாணத்துக்கு ரை கட்டிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். வழிநெடுக நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது நீங்கள் வைத்திருந்த தேத்தண்ணீர் நன்றாக இருந்தது. பிஸ்கற்தான் நமுத்துப்போயிருந்தது. உங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று அந்த பிஸ்கற் சொல்லிற்று. அவ்வளவு நேரம் யாரோடும் கதைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது அண்ணை. தம்பி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அங்கே என்னிடம் கேட்பதெல்லாம் “அக்கா, பிள்ளையள் சாப்பிட்டாச்சோ?” என்பதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பவளத்துக்குச் சினை பிடிக்கவில்லை போலிருக்கிறது. வயிறு அப்படியே இருக்கிறது. பிடிக்காவிட்டால் இன்னொருமுறை கொண்டுவரலாம் என்று முறை இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை வசதியா?

அன்புடன்,
அருமைநாயகி

•

விம்பிள்டன்
7.4.1993

அன்புள்ள ரீச்சர்,

முறை இருக்கிறது. வாருங்கள். புது பிஸ்கற் வாங்கியிருக்கிறேன்.

க. க.

•

பிளேஸ்டோ
30.5.1993

அன்புள்ள கனகலிங்கம் அண்ணைக்கு,

நாலு குட்டிகள்! போன வியாழக்கிழமை காலை, தம்பி கடைக்குப் போன கையோடு, பவளம் என் அலுமாரிக்குள் போனாள். மூன்று குட்டி மளமளவென்று வந்தன. நாலாவது வந்து அசையாமல் கிடந்தது. நீங்கள் சொல்லித்தந்தபடி தலையைக் கீழே சரித்துப் பிடித்து, மூக்கைத் துடைத்து, துவாயால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தவமலர் வாசலில் நின்று, “விடுங்கோ மச்சாள், அது செத்துப்போட்டுது” என்றாள். நான் விடவில்லை. திடீரென்று வாயைத் திறந்து ஒரு சின்னச் சத்தம். தவமலர் அழுதுவிட்டாள், காதைப் பொத்துகிற அதே தவமலர்! அதற்குச் சின்னி என்று பெயர் வைத்தேன். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

தம்பிதான் பாவம். காலையில் கடை திறக்கப் புறப்படும்போது பவளம் குறுக்கே போவாள். உடனே உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார். இரண்டாம் தரமும் அவள் போவாள். அப்டன் பார்க்கில் கடை பிந்தித் திறப்பதற்கு நான்தான் காரணம் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறாராம்.

குட்டிகளைப் பார்க்க எப்போது வருகிறீர்கள்? உங்கள் சண்டியனின் முகம் இரண்டு பேருக்கு அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அருமைநாயகி

•

விம்பிள்டன்
4.6.1993

அன்புள்ள ரீச்சர்,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சண்டியனுக்கு ஒரு ரின் மீன் உடைத்தேன்.

நான் வரமாட்டேன். வர விருப்பமில்லாமல் அல்ல. என் உடுப்பில் வேறு பூனைகளின் கிருமி இருக்கலாம்; ஊசி போடாத குட்டிகளுக்கு ஆகாது. பதின்மூன்று கிழமை ஆகாமல், இரண்டு ஊசியும் போடாமல், ஒரு குட்டியையும் வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். யார் வந்து கெஞ்சினாலும் சரி.

இன்னொரு விஷயம். நான் கணக்கில் அவ்வளவு மோசமில்லை ரீச்சர். ‘பிடிக்கவில்லை’ என்று நீங்கள் பவளத்தை இரண்டாம் தரம் கொண்டுவந்த அன்று, கூடையிலிருந்து தூக்கும்போதே எனக்குத் தெரியும். முலைக்காம்புகள் நல்ல சிவப்பாக இருந்தன. பெண்பூனைக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். நீங்கள் கோயிலுக்குப் போனதும் அவளைக் குசினியில் வைத்துக்கொண்டு சண்டியனின் கதவைப் பூட்டிவிட்டேன். நீங்கள் வந்து, “என்ன, சேர்ந்திட்டினமோ?” என்று கேட்டீர்கள். “ஓம், பரவாயில்லை” என்று சொல்லித் தேத்தண்ணீர் வைத்தேன். அன்று நீங்கள் போனபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ரீச்சருக்கு நிச்சயமாகத் தெரியாமல்தான் இருந்திருக்கும். எனக்கு அதைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை.

ஒரேயொரு வேண்டுகோள். அண்ணை என்று எழுதாமல் இருக்கலாமா? எனக்குத் தங்கைமார் போதுமான அளவு இருக்கிறார்கள்.

அன்புடன்,
கனகலிங்கம்

•

பிளேஸ்டோ
17.9.1995

அன்புள்ள கனகலிங்கம் அண்ணைக்கு,

கோபிக்காதீர்கள், அண்ணை என்றுதான் எழுதுவேன். வேறு எப்படி எழுதுவது என்று நீங்களும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பைப் பற்றி இரண்டு வருஷமாக விடாமல் எழுதுகிறீர்கள்; அன்று குசினியில் வெளிச்சம் போதாது, உங்களுக்கும் வயது போகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

இந்த வருஷக் குட்டிகள் மூன்றும் நல்ல வீடுகளுக்குப் போய்விட்டன. ஒருத்தி தன் சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா என்று கேட்டாள். கதவைக் காட்டினேன். எங்கள் ஆட்களும் ஒரு குடும்பம் வந்தது. மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்குக்கு வீடியோ எடுக்கிறார்களாம். மணவறையில் பிள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூனைக்குட்டி இருந்தால் எடுப்பாக இருக்குமாம். “சடங்கு முடிஞ்ச பிறகு பூனை?” என்று கேட்டேன். தாயும் தகப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “அப்ப ஒரு பொம்மை வாங்குங்கோ, எடுப்பாத்தான் இருக்கும்” என்று அனுப்பினேன். தம்பிக்கு என்மேல் சரியான கோபம். அவர்கள் கடைக்கு வருகிற ஆட்கள்.

தம்பி இன்னொன்றும் கேட்டார். “அக்கா, இஞ்சை பக்கத்திலை முருகன் இருக்கிறார். நீங்கள் என்னத்துக்கு இவ்வளவு தூரம் பிள்ளையாரிட்டைப் போறியள்?” நான், “பூனையை விடப் போறன், அப்படியே பிள்ளையாரையும் பாத்திட்டு வாறன்” என்றேன். பொய்யில்லைத்தானே. ஆனால் பவளத்துக்கு வருஷத்துக்கு ஒரு பிரசவத்துக்கு மேல் கூடாது என்று நாம் வைத்துக்கொண்ட முறையினால், எனக்கும் விம்பிள்டன் வருஷத்துக்கு ஒரு தரம்தான். ஏப்ரல் போய்விட்டால் அடுத்த மார்ச் வரை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பவளத்தைவிட நான்தான் வசந்த காலத்துக்குக் காத்திருக்கிறேன் போலிருக்கிறது. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், கிழித்துவிட்டு மறுபடி எழுதப் பஞ்சியாக இருக்கிறது.

அன்புடன்,
அருமைநாயகி

•

விம்பிள்டன்
16.2.1997

அன்புள்ள ரீச்சர்,

இந்தக் கடிதம் எழுதக் கை வரவில்லை. இருந்தும் இன்றைக்கே எழுத வேண்டும்.

சண்டியன் சில மாதமாக மெலிந்துகொண்டு வந்தான். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரமாட்டான். மிருக டொக்டரிடம் கொண்டுபோனேன். வயிற்று மயிரை வழித்து ஸ்கான் செய்தார்கள். திரையில் எனக்கும் காட்டினார்கள். இரண்டு சிறுநீரகத்திலும் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள், எல்லாம் நீர்க்கட்டிகள். பிறக்கும்போதே இருந்து, அவனோடு சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. பேர்சியன்களில் இது பரம்பரையாக வருவதாம். இங்கே இப்போதுதான் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். தகப்பனுக்கு இருந்தால் குட்டிகளில் பாதிக்கு வரலாம். நான் உங்களுக்கு அனுப்பிய அத்தாட்சியில் எல்லாம் சுத்தமாக இருந்தது. சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

பவளத்துக்கு ஆறு வயது, இந்த மார்ச்தான் கடைசித் தரம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன். முடிவு கையில் கிடைத்த பிறகு ஒரு காலை முழுவதும் சும்மா இருந்து யோசித்தேன். மார்ச் வரை சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் கூடையோடு வருவீர்கள். சேர்க்காமல் கதவைப் பூட்டிவிட்டு, பிறகு ‘பிடிக்கவில்லை’ என்று இரண்டாம் தரமும் கூப்பிடலாம். அந்த வித்தையை எனக்குப் பழக்கியவர் நீங்கள். இரண்டு வெள்ளிக்கிழமை கிடைத்திருக்கும்.

ஆனால் பவளம் பெற்ற அவனுடைய பிள்ளைகள் மட்டும் பதினொரு வீடுகளில் வளர்கின்றன; மற்றப் பெண்பூனைகளின் சொந்தக்காரருக்கு நான் தனியாக எழுதுகிறேன். அந்த வீட்டுக்காரர்களில் யாராவது தங்கள் பூனையைக் குட்டி போட விடலாம். ஒவ்வொரு கிழமையும் அவர்களுக்குத் தெரியாமல் போகும் கிழமை. அதனால் எழுதுகிறேன். சண்டியனை இனி எந்தப் பெண்பூனையோடும் சேர்க்க மாட்டேன். பவளத்தைக் கொண்டுவராதீர்கள்.

‘கொண்டுவராதீர்கள்’ என்று எழுதிய இந்த வரியை எத்தனை தரம் படித்துப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கனகலிங்கம்

•

பிளேஸ்டோ
9.3.1997

அன்புள்ள கனகலிங்கம் அண்ணைக்கு,

நீங்கள் மார்ச் வரை சொல்லாமல் வைத்திருந்தால் நான் உங்களை மன்னித்திருப்பேன். பிறகு என்னை மன்னித்திருக்க மாட்டேன். உடனே சொன்னீர்கள், அதற்காக உங்களை இன்னும் மதிக்கிறேன். அதற்காகவே உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவளத்தையும் சின்னியையும் ஸ்கான் செய்தேன். பவளத்துக்கு ஒன்றுமில்லை. சின்னிக்கு இருக்கிறது. டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். நான் பார்க்க மாட்டேன் என்றேன். துவாயால் தேய்த்து இழுத்து எடுத்த உயிர் அது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். பவளத்துக்கு இனிக் குட்டி வேண்டாம் என்று கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. இந்த வயதில் வேறு கடுவனைத் தேடி இன்னொரு பிரசவம் வைப்பது அவளுக்காக இராது, எனக்காகத்தான் இருக்கும்.

பதினொரு பேருக்கும் போக வேண்டிய கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். என்ன கண்டோம், எங்கே ஸ்கான் செய்யலாம், இந்தப் பூனைகளைக் குட்டி போட விட வேண்டாம் என்று எல்லாம் நேராகவே எழுதியிருக்கிறேன். யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. தாய்ப்பூனை என்னுடையது, தகப்பன்பூனை உங்களுடையது. ஆகவே இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் வைத்துவிட்டேன். பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உங்கள் பெயரும் என் பெயரும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வருவது இதுதான் முதல் தரம். இப்படியொரு கடிதத்திலா வர வேண்டும்?

அருமைநாயகி

•

விம்பிள்டன்
22.6.1997

அன்புள்ள ரீச்சர்,

பதினொன்றில் ஒன்பது பேர் பதில் போட்டுவிட்டார்கள். க்ரொய்டனில் இருந்து ஒருத்தி நம்மைத் திருடர்கள் என்று எழுதியிருக்கிறா. மற்றவர்கள் நல்ல மனிதர்கள். ஐந்து பூனைக்கு இருக்கிறது. ஒருவர் தன் பூனை யன்னலில் வெயில் காயும் படத்தை அனுப்பி, “என்ன இருந்தாலும் இவன் என்னுடையவன்” என்று எழுதியிருக்கிறார். படத்தை உங்களுக்கே அனுப்புகிறேன்.

சண்டியன் இருக்கிறான். அவனுக்கென்று தனிச் சாப்பாடு, குளிசை, கிழமைக்கு ஒருதரம் தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றல். மரவீட்டை மூடிவிட்டு உள்ளே கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் இருக்கும் கதிரையில்தான் படுக்கிறான்.

இனி நான் நேராகக் கேட்கப் போகிறேன். நாலு வருஷம் பூனையைச் சாட்டித்தான் நீங்கள் வந்தீர்கள், பூனையைச் சாட்டித்தான் நான் கதவைத் திறந்தேன். இப்போது சாட்ட ஒன்றும் இல்லை. பவளம் இல்லாமல் வாருங்கள் ரீச்சர். தேத்தண்ணீர் குடிக்க வாருங்கள். எனக்கு அறுபதாகிறது. இந்த வீட்டில் நீங்கள் இருந்த மாலைகளைத்தான் நான் வருஷமாக எண்ணுகிறேன். நீங்கள் வந்து போக வேண்டுமென்று மட்டும் நான் கேட்கவில்லை. வந்து இருக்க வேண்டுமென்று கேட்கிறேன்.

விருப்பமில்லையென்றால் அதையும் எழுதுங்கள். அண்ணை என்று போட்டே எழுதுங்கள், புரிந்துகொள்வேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
கனகலிங்கம்

•

விம்பிள்டன்
9.11.1997

அன்புள்ள ரீச்சர்,

ஜூனில் எழுதினேன், செப்ரெம்பரில் ஒருதரம் எழுதினேன். பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கந்தோரிலேயே இருக்கிறேன்.

சண்டியன் செவ்வாய்க்கிழமை போய்விட்டான். சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. டொக்டரை வீட்டுக்கே கூப்பிட்டேன். என் மடியில் வைத்துத்தான் ஊசி போட்டார். கடைசிவரை என் விரலை நக்கிக்கொண்டிருந்தான். மரவீட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டித் தாட்டேன். பத்திரிகைக்கு எழுதி விளம்பரத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பக்கத்தில் எங்கள் பெயர் ஒன்றும் இராது.

நான் கேட்டது உங்களுக்குச் சங்கடமாயிருந்தால் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். சின்னிக்குத் தண்ணீர் நிறைய வைக்க வேண்டும், ஒரு கிண்ணம் போதாது. வீட்டில் நாலு இடத்தில் வையுங்கள். தண்ணீருக்கென்று எழும்பி நடக்கப் பஞ்சிப்படுவார்கள் இந்தச் சிறுநீரக வருத்தக்காரர்.

சுகமாயிருங்கள்.

கனகலிங்கம்

•

பிளேஸ்டோ
18.1.1998

அன்புள்ள கனகலிங்கம்,

மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரு பதில். திட்டுவதென்றால் நேரில் திட்டுங்கள்.

சண்டியன் போன செய்தி வந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் விம்பிள்டனுக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. உங்கள் தெருவுக்குள் திரும்பும்வரை நல்ல துணிவாகத்தான் வந்தேன். படலைக்கு முன்னால் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. முன்வீட்டு வெள்ளைக்காரி யன்னல் திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். அவள் எப்போதும் பார்ப்பாள், நானும் கூடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவேன், சிரிப்பாள். அன்று கையில் உயர்த்திக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. பவளத்தோடு நின்றால் நான் பூனைக்காரி. பவளம் இல்லாமல் அந்த வாசலில் நிற்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மணியில் கையை வைக்காமல் திரும்பிவிட்டேன். ஏர்ல்ஸ் கோர்ட்டில் றெயின் மாறாமல் ஒரு வாங்கில் வெகுநேரம் இருந்தேன். உள்ளே நீங்கள் தனியாக, அந்தக் கதிரை வெறுமையாக. நான் இங்கே. எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

பொங்கலன்று தம்பியிடம் சொன்னேன். பொங்கிப் படைத்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, “தம்பி, நான் அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை விம்பிள்டன் போறன்” என்றேன்.

“பவளத்தையோ கொண்டு போறியள்? அவளுக்கு ஒப்பறேஷன் செய்தாச்செல்லோ?”

“பவளம் வரேல்லை. நான்தான் போறன். கனகலிங்கத்தாரைப் பார்க்க.”

தம்பி போய்க் கை கழுவிவிட்டு வந்து இருந்தார். பிறகு, “ஊர் என்ன கதைக்கும் அக்கா?” என்றார்.

“எந்த ஊர் தம்பி?” என்று கேட்டேன்.

அவர் எழும்பிப் போய்விட்டார். தவமலர் வந்து என் கோப்பையை எடுத்துக்கொண்டு, மெல்லிய குரலில், “மச்சாள், நீலச் சீலையைக் கட்டுங்கோ. அது உங்களுக்கு வடிவு” என்றாள். காலையில் தம்பி கடைக்குப் புறப்பட்டபோது பவளம் வழக்கம்போலக் குறுக்கே போனாள். அவர் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார். அது சம்மதமா கோபமா என்று எனக்குத் தெரியாது. சம்மதம் என்றே வைத்துக்கொண்டேன்.

சின்னிக்கு நாலு இடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். குடிக்கிறாள், சாப்பிடுகிறாள். நீங்கள் சண்டியனைப் பார்த்த அனுபவத்தில் சின்னியை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள், கூடையில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றுதான் இந்தக் கடிதத்தை முதலில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். மறுபடியும் கூடை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். கோயிலுக்குப் போகவில்லை. பிள்ளையார் பொறுத்துக்கொள்வார், இத்தனை வருஷமும் நான் யாரைப் பார்க்க வந்தேன் என்று அவருக்குத் தெரியும். நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன். இந்த முறை மணியை அடிப்பேன்.

நீங்கள் ரை கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. பிஸ்கற் நமுத்திருந்தாலும் சரி. கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் ‘கூடை எங்கே’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் நான் திரும்பிப் போய்விடுவேன்.

அருமைநாயகி